கட்சுமியைத் தெரியுமா?

கொடைக்கானலில் பந்து உதைக்கும் பையன் ஒருவனை நிறுத்துங்கள். "தம்பி, ஜப்பான் நாட்டு ஆட்டக்காரர் ஒருவர் பெயர் சொல்லு" என்று கேளுங்கள். "குபோ!" என்று அவன் சொல்லக்கூடும்.

டகேஃபுசா குபோ 2001-ல் பிறந்தவர். சிறு வயதிலேயே ஸ்பெயினுக்குப் போய், பார்சிலோனா கிளப்பில் ஆட்டம் பயின்றவர். 'ஜப்பானிய மெஸ்ஸி' என்று பட்டம் வேறு! 2019-ல், 18 வயதில், ரியல் மாட்ரிட் கிளப் அவரைச் சேர்த்துக்கொண்டது. உலகமே பேசியது. ஆனால் அந்தக் கிளப்பின் முதல் அணிக்காக ஒரு போட்டிப் பந்தயத்திலும் அவர் ஆடவில்லை! வேறு கிளப்புகளுக்கு இரவலாகத்தான் அனுப்பினார்கள். 2022-ல் ரியல் சோசிடாட் கிளப்புக்குப் போன பிறகே ஆட்டத்தால் பெயர் எடுத்தார். புகழ் முந்தி வந்தது. ஆட்டம் பிந்தி வந்தது.

அதே 2019-ல் இன்னொரு ஜப்பான்காரர் கோயமுத்தூருக்கே வந்தார். அவர் கட்சுமி யூசா. வயது 31. சேர்ந்தது சென்னை சிட்டி கிளப்பில். பெயரில்தான் சென்னை, சொந்த மைதானம் கோவை நேரு ஸ்டேடியம். கொடைக்கானலிலிருந்து 64 கிலோமீட்டர் மலைப்பாதையில் பழனிக்கு இறங்கி, உடுமலை, பொள்ளாச்சி வழியாக பஸ் ஏறினால், ஒரு பகலில் போய் அவரை நேரில் பார்த்திருக்கலாம்.

எத்தனை பேர் போனோம்?

கொல்கத்தாவில் கேட்டால் கதையே வேறு. அங்கே கட்சுமி 2013-ல் மோகன் பகான் அணியில் சேர்ந்தார். 2015-ல் அந்த அணி ஐ-லீக் கோப்பையை வென்றபோது அவரும் ஆடினார். 2017-ல் பரம எதிரியான ஈஸ்ட் பெங்காலுக்கு மாறினார். கொல்கத்தாவில் அது சின்ன விஷயமா? மாமன் வீட்டை விட்டுப் பங்காளி வீட்டில் போய்ச் சாப்பிட்ட மாதிரி!

ஆள் ஒருவர்தான். அங்கே கொண்டாட்டம், இங்கே மௌனம். காரணம் அவர் காலில் இல்லை. 1911-ல் மோகன் பகான் ஆட்டக்காரர்கள், பெரும்பாலோர் வெறுங்காலோடு, ஆங்கிலேய ராணுவ அணியை 2-1 என்று தோற்கடித்தார்கள். அந்தக் கதையைப் பாட்டன் பேரனுக்குச் சொல்லுகிற ஊர் அது. நம் பக்கம் அப்படிக் கால்பந்தோடு வாழ்கிறவர்கள் குமரிக் கடற்கரை மக்கள். சென்னை சிட்டியில் ஆடிய மைக்கேல் சூசைராஜ் அந்தக் கடற்கரைப் பிள்ளைதான்.

மலைக்கும் கால்பந்து பொருத்தமான ஆட்டம். மழை தூறினால் கிரிக்கெட் நின்றுவிடும், கால்பந்து நிற்காது. கடினம் என்னவென்றால் சமதளம் கிடைப்பதுதான்!

2019 மார்ச்சில் சென்னை சிட்டி ஐ-லீக் கோப்பையையே வென்றது. கோவையில், பஞ்சாப் மினர்வாவை 3-1 என்று வென்று வாங்கிய கோப்பை அது. அதற்கு அடுத்த பருவத்தில்தான் கட்சுமி வந்தார். 2020 மார்ச்சில் கொரோனா வந்து பந்தயங்களை நிறுத்தியது. 2020-21க்குப் பிறகு ஐ-லீகில் அந்தக் கிளப்பே இல்லை.

சென்னையில் சென்னையின் எஃப்.சி. இருக்கிறது. கொடைக்கானல் பையன் அங்கே போக இரவெல்லாம் பஸ்ஸில் உட்கார வேண்டும். டிக்கெட்டுக்குக் காசு? அப்பாவைத்தான் கேட்க வேண்டும். அவனுக்குக் கைப்பேசியில் குபோ போதும்.