குழலுக்கு மொழி இல்லையா?

“குழல் வெறுங்கருவி, அதற்கு மொழி ஏது? தமிழ்ப்பாட்டு வேண்டுமாயின் பாடுவோரிடம் கேளுங்கள், குழலோரை விட்டுவிடுங்கள்” என்று இசையரங்குக் காவலர் சிலர் நெடுநாளாகச் சொல்லி வருகின்றனர். கேட்பதற்கு நடுநிலை போல் தோன்றும் இக்கூற்றின் பொய்ம்மையை வெளிப்படுத்தத் திருப்பாம்புரம் சுவாமிநாதப் பிள்ளையின் வாழ்வொன்றே போதும்.

சோழநாட்டு நாகசுரக் குடியிற் பிறந்தவர் அவர். அவர் தந்தையார் நடராசசுந்தரம் பிள்ளை, முத்துசாமித் தீட்சிதரின் வடமொழிப் பாடல்களை இசைக்குறிப்புடன் தமிழெழுத்தில் 1936-இல் அச்சிட்டளித்தார். வடமொழிப் பாட்டையும் காத்துத் தந்தது தமிழ்க்குடியே. அந்நன்றியை எத்தனை பேர் நினைக்கின்றனர்? மகனார் குழலைக் கைக்கொண்டார். வாய்ப்பாட்டின் வழியே குழலை நடத்துவதே அவர் நெறி. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இசை பயிற்றினார். 1953-இல் சென்னை மியூசிக் அகாதெமி ‘சங்கீத கலாநிதி’ என்னும் வடமொழிப் பட்டம் வழங்கியது. தெலுங்குப் பாடல்களையும் அவர் ஊதியதுண்டு, மறைக்க வேண்டுவதில்லை.

அவர் மாணவரே த. விசுவநாதன் (1927–2002). வடசென்னைச் சார்ச்சு டவுனில் வாழ்ந்த வீணை தனம்மாளின் பெயரர். ஆடற்கலைச் செல்வி பாலசரசுவதியின் தம்பி. சென்னைப் பல்கலைக்கழக இசைத்துறைக்குத் தலைமை தாங்கியவர். பின்னர் அமெரிக்காவின் வெசுலியன் பல்கலைக்கழகத்தில் வாழ்நாள் இறுதிவரை பயிற்றியவர். அரங்கில் ஊதிக்கொண்டிருக்கும்போதே குழலைத் தாழ்த்தி, அவ்வடியைத் தம் வாயாற் பாடிக்காட்டி, மீண்டும் குழலெடுப்பது அவர் வழக்கம். மொழியில்லாக் கருவிக்கு இவ்வேலை எதற்கு? சொல்லறியாதவன் மூச்சை எங்கே நிறுத்துவான்? நாவால் எங்கே தட்டுவான்? நெடிலைக் குறுக்கிக் குறிலை நீட்டினால் பாட்டுச் சிதையுமன்றோ!

இது புதுக்கருத்துமன்று. சிலப்பதிகார அரங்கேற்று காதையில் இளங்கோவடிகள் குழலாசிரியனுக்கென்றே இலக்கணம் வகுத்தார். இசைகொள்ளும் எழுத்தின்மேல் வல்லொற்று வருமிடத்து அதனை மெல்லொற்றுப் போல் நெகிழ்த்து நிறுத்தல் அவன் கடன் என அடியார்க்குநல்லார் உரை விளக்குகின்றது. வல்லொற்றும் மெல்லொற்றும் அறியாதவன் தமிழனுக்குக் குழலாசிரியனே அல்லன்! குழலின் நீளம் இருபது விரல், சுற்றளவு நாலரை விரல் என்றும், வெண்கலத்தினும் மூங்கிலே சிறந்ததென்றும் அவ்வுரை அளந்து சொல்கின்றது. ஆனாய நாயனார் குழலில் ஊதியதும் ஐந்தெழுத்தையே, எழுத்தில்லா இசையையன்று. இத்தனையும் இருக்க, குழலின் வரலாறே கும்பகோணம் சரப சாத்திரியிடம் (1872–1904) தொடங்கியது போல் எழுதுகின்றனர். பார்வையிழந்தும் குழலுக்குத் தனியரங்கு தேடித்தந்த அப்பெரியாரின் புகழ் மெய்யானது. ஆயினும், பேரனுக்குப் பெருமை சேர்க்கப் பாட்டனை இல்லையென்பதா?

இனித் திருவொற்றியூருக்கு வருவோம். ஆங்குள்ள வடிவுடையம்மன்மீது தியாகராயர் தெலுங்கிற் பாடிய ஐந்து பாடல்கள் இன்றும் அரங்குகளில் ஒலிக்கின்றன. அவர் தம் தாய்மொழியிற் பாடினார், அது அவர் உரிமை, குறை அவரதன்று. ஆனால் சங்கிலியார்க்குச் செய்த சூள் தவறிக் கண்ணொளி இழந்த சுந்தரர், அவ்வூர் இறைவனை நோக்கிக் கதறிய பதிகம் எங்கே? அது தக்கேசிப் பண். அப்பண்ணே இன்று ‘காம்போதி’ என்னும் பெயரில் உலவுகின்றது. காம்போதியை அரைமணி நேரம் விரித்தூதுவர். முடிவில் எடுப்பது எம்மொழிப் பாட்டு? பண் தமிழன் வீட்டுப் பொருள். பந்தியில் மட்டும் தமிழுக்கு இலையில்லை!

பாணினியின் வடமொழி இலக்கணம் பயிற்றத் தனி மண்டபமும் அதற்கு நிலக்கொடையும் இவ்வொற்றியூர்க் கோயிலில் இருந்தமையைச் சோழர்காலக் கல்வெட்டுச் சொல்கின்றது. வடமொழிக்கு மண்டபம் கட்ட இடமிருந்த வளாகத்தில், தமிழ்ப்பண்ணைக் குழலிற் பயிற்ற ஒரு திண்ணை கிடையாதா?

இராயபுரத்திலும் காசிமேட்டிலும் சுமை தூக்குவோர், வலை இழுப்போர், எண்ணூர் ஆலைகளில் உழைப்போர் ஆகியோரின் பிள்ளைகட்கு இசை எட்டாக்கனி என்று எண்ணுவது மடமை. வீணை வாங்க இயலாத வீட்டுக்கும் மூங்கில் எட்டும். எட்டாதது ஆசிரியரே. மாநகராட்சிப் பள்ளிகளில் குழலாசிரியர் அமர்த்துக. சுவாமிநாதப் பிள்ளை காட்டிய நெறியில் பதிகத்தை முதலில் வாயாற் பாடவைத்து, அதன்பின் குழலை அவர்கள் கையிற் கொடுக்க.

மாசித் திருவிழாவில் சுந்தரர்–சங்கிலியார் திருமணத்தை நினைவூட்டும் மகிழடிச் சேவை நாளில் அத்தக்கேசிப் பதிகம் குழலில் ஒலித்தல் வேண்டும். அதற்குரிய விண்ணப்பத்தை ஒற்றியூர்த் தமிழன்பர்கள் கோயில் அலுவலரிடம் எழுத்து வடிவில் இப்பொழுதே கொடுப்பாராக.