கைப்பிடிச்சுவர்

தியான வாசிப்பு: உபாகமம் 22:8



மோசேயின் நியாயப்பிரமாணத்தில் வீடு கட்டுவோருக்கென்று ஒரு கட்டளை உண்டு. புதிதாக வீடு கட்டுகிறவன் அதன் மெத்தையைச் சுற்றிலும் கைப்பிடிச்சுவர் எழுப்ப வேண்டும். எழுப்பாமல் விட்டு, ஒருவன் அங்கிருந்து விழுந்து இறந்தால், அந்த இரத்தப்பழி வீட்டின்மேல் சுமரும். அக்காலத்து வீடுகளின் மேல்தளம் தட்டையானது. மக்கள் அன்றாடம் புழங்கும் இடம். ராகாப் சணல் தட்டைகளைப் பரப்பி வைத்திருந்தது அங்கேதான். பேதுரு ஜெபம்பண்ண ஏறியதும் அப்படிப்பட்ட மேல்தளத்தில்தான்.

இந்தக் கட்டளை எதைக் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். விழுந்தவன் பார்த்து நடந்தானா, அவனுக்கு வயது என்ன, அந்நேரத்தில் ஏன் மேலே ஏறினான் என்ற கேள்விகள் அதில் இல்லை. கட்டினவன் சுவர் எழுப்பினானா என்ற ஒரே கேள்விதான் இருக்கிறது.

நம் வீடுகளில் ஒரு முதியவர் விழும்போது நாம் கேட்பது என்ன? "பார்த்து நடக்கக் கூடாதா?" என்று முதலில் கடிந்துகொள்கிறோம். "வயதானால் இப்படித்தான்" என்று பிறகு ஆறுதல் சொல்கிறோம். காயம் பெரிதாகிவிட்டால் "கர்த்தருடைய சித்தம்" என்று முடித்துவிடுகிறோம். முதல் வார்த்தை விழுந்தவரைக் குற்றவாளியாக்குகிறது. இரண்டாவது வயதைக் குற்றவாளியாக்குகிறது. மூன்றாவது கர்த்தரையே குற்றவாளியாக்குகிறது. இம்மூன்றிலும் தப்பித்துக்கொள்கிறவர்கள் நாம்தாம். உபாகமம் 22:8 நம்மை அப்படித் தப்பவிடுவதில்லை என்பதே இந்த வாரம் நான் உங்கள் முன் வைக்க விரும்பும் கருத்து.

விழுதல் சிறிய காரியமன்று. உலகில் ஆண்டுதோறும் ஏறக்குறைய 6,84,000 பேர் கீழே விழுந்ததனால் மரிக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அவர்களில் அறுபது வயதைக் கடந்தவர்களே மிகுதி. அந்த மரணங்களில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டவை வருமானம் குறைந்த, நடுத்தர வருமானமுள்ள நாடுகளில் நேரிடுகின்றன. 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கின்படியே தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குமேல் அறுபது வயதைக் கடந்தவர்கள். இன்று நம் ஆலயத்தின் இருக்கைகளைப் பார்த்தாலே அந்த எண்ணிக்கை வளர்ந்திருப்பது விளங்கும்.

"செல்வந்தர் வீட்டு முதியவரும் விழுகிறாரே" என்று நீங்கள் கேட்கலாம். உண்மை. எலும்பு தேய்வதும், கண் மங்குவதும், இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை உண்பவருக்குச் சட்டென எழும்போது தலை சுற்றுவதும் எல்லாருக்கும் பொது. ஆனால் கால் வழுக்கும் தரையும், விழுந்த பின் தூக்கிவிடும் கையும் எல்லாருக்கும் ஒன்றல்ல.

நம் குலசேகரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ரப்பர் மரத்தில் பால்வெட்டு விடியுமுன் தொடங்குகிறது. குளிர்ந்த வேளையில்தான் பால் நன்றாக ஓடும். தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, ஈரச் சருகு மூடிய சரிவுகளில் மரத்துக்கு மரம் ஏறியிறங்கி முப்பது, நாற்பது ஆண்டுகள் உழைத்த முழங்கால்கள் அவை. அண்டி ஆபீசில் நாள் முழுதும் தரையில் குந்தியிருந்து முந்திரி உடைத்த தாய்மாரின் இடுப்பும் அப்படியே. வேலையிலிருந்து ஓய வேண்டிய வயதிலும் அவர்களில் பலர் ஓயவில்லை. முதியோர் ஓய்வூதியம் 2023 ஆகஸ்டில் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ரூபாயாக உயர்ந்தது. அதற்காக நன்றி சொல்வோம். ஆனால் அந்தத் தொகையில் அரிசியும் மருந்தும் வாங்கிய பின், தேய்ந்த செருப்பை மாற்றவோ கண்ணாடியைப் புதுப்பிக்கவோ எவ்வளவு மீதியிருக்கும்?

அவர்கள் குடியிருக்கும் வீட்டையும் நினைத்துப் பாருங்கள். மேட்டில் வீடு, கழிப்பறை வீட்டுக்குப் பின்னால், சற்றுத் தாழ்வில். இடையே செம்மண்ணில் வெட்டிய நான்கைந்து படிகள். ஆனி, ஆடியிலும் மழை, ஐப்பசி, கார்த்திகையிலும் மழை என்பதால் ஆண்டின் பெரும்பகுதி அப்படிகளில் பாசி படர்ந்திருக்கும். இரவில் இரண்டு முறையாவது எழுந்து போகவேண்டிய வயது. வெளி விளக்கு எரியாமல் போய் எத்தனையோ நாளாயிற்று. மாற்றித்தர வேண்டிய மகன் வளைகுடா நாட்டில் இருக்கிறான். அங்கே ஒரு தாய் விழுந்தால், அதைக் கவனக்குறைவு என்று சொல்ல நமக்கு மனம் வருமா?

விழுந்த பின்னும் ஏழைக்கு வேறு கணக்கு. இடுப்பெலும்பு முறிந்தால் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோகலாம். அங்கே சிகிச்சைக்குக் கட்டணமில்லை. ஆனால் உடனிருந்து பார்ப்பதற்கு மகளோ மருமகளோ வாரக்கணக்கில் கூலியை இழக்கவேண்டும். அதற்கு வழியில்லாத வீட்டில் முதியவரைப் படுக்கையிலேயே விட்டுவிடுகிறார்கள். படுத்த படுக்கையானால் கால் தசை வற்றும், படுக்கைப்புண் வரும், நெஞ்சில் சளி கட்டும். பல வேளைகளில் உயிரைப் பறிப்பது முறிந்த எலும்பைவிட இந்தப் படுக்கையே. இதனால்தான் பலர் விழுந்ததையே மறைக்கிறார்கள். சொன்னால் நாளை வேலைக்குக் கூப்பிடமாட்டார்கள், பிள்ளைகள் வெளியே விடமாட்டார்கள், ஆலயத்துக்குப் போவதும் நின்றுவிடும் என்ற பயம் அவர்களுக்கு.

அப்படியானால் இந்த வீட்டைக் கட்டினவர் யார்? கைப்பிடிச்சுவர் எழுப்பவேண்டிய கடமை யாருடையது? அந்த ஏழைத் தாயிடம் போய் இக்கட்டளையை வாசித்துக் காட்டுவது நியாயமன்று. அவர் உழைப்பினால் தோட்டமும் ஆலையும் நடத்தியவர்கள் கட்டினவர்கள். பாதையும் தெருவிளக்கும் அமைக்கும் பேரூராட்சியும் அரசும் கட்டினவர்கள். அவரால் வளர்க்கப்பட்ட பிள்ளைகள் கட்டினவர்கள். அவர் காணிக்கையினால் எழும்பிய சபையும் கட்டினவர்களில் ஒன்று. லேவியராகமம் 19ஆம் அதிகாரம் குருடனுக்கு முன்பாக இடறலை வைக்கக்கூடாது என்கிறது. அதே அதிகாரம் நரைத்தவர்களுக்கு முன்பாக எழுந்து நிற்கவும் சொல்கிறது. ஆலயத்தில் எழுந்து இடம் கொடுத்துவிட்டு, அவர் போகும் வழியில் இடறலை அப்படியே விட்டுவைப்போமானால், அந்த மரியாதை பாதி மரியாதைதான்.

ஆகவே சில காரியங்களை வெளிப்படையாகச் சொல்லுகிறேன். நம் ஆலயத்தின் முன்வாசலில் ஏழு படிகள் இருக்கின்றன. பிடித்து ஏற ஒரு கம்பியும் இல்லை. கோபுர விளக்குகளுக்குப் பணம் சேர்க்கும் முன், அறுப்பின் பண்டிகை ஏலத்தில் வரும் தொகையிலிருந்து அந்தப் படிகளின் இருபுறமும் கைப்பிடி அமைக்கச் சபைக் கமிட்டியைக் கேட்டுக்கொள்கிறேன். கோபுரம் தூரத்திலிருந்து வருகிறவனுக்கு ஆலயத்தைக் காட்டும். கைப்பிடி வாசல்வரை வந்தவரை உள்ளே சேர்க்கும்.

வாலிபர் சங்கத்தாரும் பெண்கள் ஐக்கிய சங்கத்தாரும் தனித்து வாழும் முதியவர்களின் வீடுகளுக்கு ஜெபத்துக்குப் போகும்போது வேதாகமத்தோடு ஒரு மின்விளக்கையும் ஒரு இரும்புத் தூரிகையையும் எடுத்துச் செல்லுங்கள். படியின் பாசியைத் தேய்த்துவிட்டு, விளக்கை மாட்டிவிட்டு, பிறகு ஜெபியுங்கள். கழிப்பறைச் சுவரில் ஒரு பிடி பொருத்துவதற்கு அரை நாள் வேலை போதும்.

அரசின் உதவிகளையும் அவர்களுக்குப் பெற்றுக்கொடுங்கள். 2021 ஆகஸ்டு 5 முதல் நடைபெறும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், எழ முடியாதவர்களின் வீட்டுக்கே இயன்முறை மருத்துவர் வருகிறார். 2017இல் தொடங்கிய 'ராஷ்ட்ரிய வயோஸ்ரீ' என்னும் மத்திய அரசுத் திட்டத்தில் ஏழை முதியவர்களுக்கு ஊன்றுகோல், நடைதாங்கி, மூக்குக்கண்ணாடி முதலியவை இலவசமாக வழங்கப்படுகின்றன. விண்ணப்பம் எழுதிக்கொடுக்க ஆளில்லாததே பலருக்குத் தடை. படித்த பிள்ளைகள் நிறைந்த நம் சபையில் அது தடையாக இருக்கலாகாது.

நம்மில் ரப்பர் தோட்டம் உடையவர்கள் உண்டு. உங்கள் மரங்களில் பால் வெட்டுகிற வயதானவருக்குச் சரிவில் படி வெட்டிக்கொடுங்கள்; நல்ல விளக்கு வாங்கிக்கொடுங்கள். இனி அவரால் ஏற முடியாது என்று தெரிந்தால், வெறுங்கையோடு அனுப்பிவிடாதிருங்கள்.

இவையெல்லாம் ஊழியமா என்று யாராவது கேட்டால், நம் முன்னோரை நினைப்பூட்டுங்கள். நெய்யூரில் 1838ஆம் ஆண்டு டாக்டர் ஆர்ச்சிபால்ட் ராம்சே மருத்துவப் பணியைத் தொடங்கிய நாள் முதல், நம் நாட்டில் சுவிசேஷமும் மருந்தும் சேர்ந்தே நடந்திருக்கின்றன.

அப்போஸ்தலர் 3ஆம் அதிகாரத்தில் பேதுரு, அலங்கார வாசலண்டையில் பிச்சை கேட்டுக்கொண்டிருந்த சப்பாணியை இயேசுவின் நாமத்தில் எழுந்து நடக்கும்படி சொன்னதோடு நிற்கவில்லை. அவனுடைய வலதுகையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். விழுகிற யாவரையும் கர்த்தர் தாங்குகிறார் என்று 145ஆம் சங்கீதத்தில் தாவீது பாடுகிறார். அவர் தாங்குவதற்கு இந்த ஊரில் எந்தக் கைகளைப் பயன்படுத்துவார் என்று யோசித்துப் பாருங்கள். இந்த வாரம் உங்களுக்குத் தெரிந்த ஒரு முதியவரிடம் போய், கடிந்துகொள்ளாத குரலில், "அண்மையில் எங்கேயாவது விழுந்தீர்களா?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் இடத்தை ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள்.

கர்த்தர் தாமே உங்கள் கைகளின் கிரியையை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.