எது பெரிய எண்?



ஆரம்பப் பள்ளியில் பயிலும் பிள்ளையிடம் 19, 21 என்னும் இரு எண்களை எழுதிக் காட்டி, "எது பெரியது?" என்று கேட்டுப் பாருங்கள். சில பிள்ளைகள் தயங்காமல் 19-ஐத் தொட்டுக் காட்டும். உடனே "மக்கு" என்று தலையில் குட்டுவது பல வீடுகளில் வழக்கம். அந்தக் கை சற்றே பொறுக்கட்டும். "ஏன் அப்படிச் சொன்னாய்?" என்று கேளுங்கள். "இதில் ஒன்பது இருக்கிறதே உம்மா!" என்று பதில் வரக்கூடும்.

பிள்ளை சிந்திக்காமல் சொல்லவில்லை. ஒன்பதுதான் பெரிய இலக்கம் என்பதை அறிந்தே சொல்கிறது. அது அறியாதது ஒன்றே: இலக்கத்தின் மதிப்பு, அது நிற்கும் இடத்தைப் பொறுத்தது. குட்டினால் இது விளங்காது; கணக்கென்றால் அச்சமே மிஞ்சும்.

விளக்குமாற்று ஈர்க்குகளைச் சிறு துண்டுகளாக நறுக்கிப் பத்துப் பத்தாக நூலால் கட்டிக் கொள்ளுங்கள். 19-க்கு ஒரு கட்டும் ஒன்பது தனிக் குச்சிகளும். 21-க்கு இரண்டு கட்டுகளும் ஒரு தனிக் குச்சியும். ஒன்பது தனிக் குச்சிகள் சேர்ந்தாலும் ஒரு கட்டுக்கு ஈடாகா என்பதைப் பிள்ளை கண்ணால் காணும். முதலில் கட்டுகளை ஒப்பிட வேண்டும். கட்டுகள் சமமானால்தான் தனிக் குச்சிகளைப் பார்க்க வேண்டும். எழுதிய எண்களை இடப்புறமிருந்து ஒப்பிடுவதன் காரணமும் இதுவே.

நூறை எட்டும்போது வேறொரு சிக்கல் எழுகிறது. நம் மொழியில் 90-இன் பெயரான தொண்ணூற்றில் நூறும், 900-இன் பெயரான தொள்ளாயிரத்தில் ஆயிரமும் ஒலிக்கின்றன. ஆகவே தொண்ணூற்றைந்து பெரிதா, நூற்றைந்து பெரிதா என்று காதால் மட்டும் கேட்கும் பிள்ளை குழம்புவதில் வியப்பில்லை.

இன்னும் சில பிள்ளைகள் நூற்றைந்தை 1005 என்று எழுதும். நூறு, அதன்பின் ஐந்து எனக் கேட்டதைக் கேட்டபடி எழுதுகிறது! பழைய தமிழ் எண்முறையில் இவ்வாறுதான் நூறுக்குரிய ௱ குறியின் பின் ௫ இட்டு ௱௫ என்று எழுதினார்கள். அம்முறையில் 99-க்கு ௯௰௯ என மூன்று குறிகள். நூறுக்கோ ஒரே குறி. எழுத்தின் நீளத்தைக் கண்டு அளவை அறிய இயலாது. இன்றைய முறையில் சுழி வெற்றிடத்தைக் காத்து நிற்பதால், முழு எண்களில் இலக்கங்கள் மிகுந்ததே பெரிய எண்.

இதை விளக்கப் பழைய திருமண அழைப்பிதழ்கள் போதும். ஒரே அகலத்தில் கட்டங்கள் வரைந்து, மூன்று கட்ட அட்டையில் 100, இரண்டு கட்ட அட்டையில் 90, ஒரு கட்ட அட்டையில் 5 என்று எழுதுங்கள். 100-இன் கடைசிச் சுழியின் மேல் 5-ஐ வைத்தால் 105. 90-இன் சுழியின் மேல் வைத்தால் 95. எது நீண்டது என்பதை அட்டையே சொல்லிவிடும்.

> , < என்னும் குறிகளை இறுதியாகக் கற்பியுங்கள். இவை தாமஸ் ஹாரியட் என்ற ஆங்கிலேயரின் நூலில், அவர் மறைந்த பின்னர், 1631-இல் அச்சேறியவை. எண் புரிந்தும் குறியில் தடுமாறும் பிள்ளைகள் உண்டு. ஆதலால் முதலில் வாயால் விடை கேளுங்கள். பிறகு, விரிந்த பக்கம் பெரிய எண்ணை நோக்கும் என்று சொல்லுங்கள்.

ஓர் எச்சரிக்கை: "இலக்கம் கூடினால் பெரியது" என்பதை எல்லா எண்களுக்கும் பொது விதியாக்கி விடாதீர்கள். மேல் வகுப்பில் தசம எண் வரும்போது, 0.25-ஐ 0.5-ஐவிடப் பெரியதென்று பிள்ளை சொல்லும். முன்னது கால், பின்னது அரை அல்லவா? "முழு எண்களில்" என்னும் சொல்லை இப்போதே சேர்த்துச் சொல்லுங்கள்.

நாள்தோறும் பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும். மளிகைச் சீட்டின் விலைகளையும் புத்தகத்தின் பக்க எண்களையும் ஒப்பிடச் சொல்லுங்கள். பேருந்தின் தட எண் இதற்கு உதவாது. அது பெயரேயன்றி அளவன்று. 48, 52; 70, 67; 99, 101; 304, 340 என்று படிப்படியாகச் செல்லுங்கள். விடை சரியாக இருந்தாலும், "எப்படிக் கண்டாய்?" என்று கேட்க மறவாதீர்கள். காரணம் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு எத்தனை பெரிய எண்ணும் அச்சம் தராது.