ஓடுபவனைச் சுடும் உரிமை எங்களுக்கு வேண்டாம்

டெக்சாஸ் மாநில ஆளுநர் கிரெக் அபாட் அவர்களுக்கு,

ஹூஸ்டனுக்கு மேற்கே, கேட்டியில் குடியிருக்கும் தமிழன் நான். முறைப்படி வாங்கிய கைத்துப்பாக்கி ஒன்று வீட்டில் இருக்கிறது. அது எனக்கு வேண்டும். துப்பாக்கியே கூடாது என்பவர் எழுதும் கடிதம் என்று இதை ஒதுக்கிவிடாதீர்கள்.

எங்கள் பயம் பொய்யில்லை, ஐயா. இந்திய வீடு என்றால் நகை இருக்கும் என்று கொள்ளையர்களுக்குத் தெரியும். டெக்சாஸ், ஜார்ஜியா, மிச்சிகன் என்று மாநிலம் மாநிலமாகப் போய் ஆசிய, இந்தியக் குடும்பங்களையே குறிவைத்த ஒரு கும்பலின் தலைவிக்கு 2019-ல் 37 ஆண்டு சிறை கிடைத்தது. அப்படி ஒருவன் கதவை உடைத்து உள்ளே வந்தால், பிள்ளைகள் தூங்கும் அறை வாசலில் நான் நிற்பேன், சுடவும் செய்வேன். அந்த நேரத்தில் பின்வாங்கத் தேவையில்லை என்று 2007-ல் வந்த சட்டம் சொல்கிறது. அதில் கை வைக்க வேண்டாம்.

நான் சொல்ல வந்தது தண்டனைச் சட்டத்தின் 9.42-வது பிரிவு. இரவில் திருடிவிட்டுப் பொருளோடு ஓடுபவனைக்கூடச் சுட்டுக் கொல்லலாம் என்கிறது அது. சுடுவது உடனடித் தேவை, வேறு வழியில் பொருளை மீட்க முடியாது என்று நியாயமாக நம்பினாலே போதும். அடுத்த பிரிவு, சில நிபந்தனைகளோடு, அடுத்தவர் பொருளுக்காகவும் இதை அனுமதிக்கிறது.

சுடும் பயிற்சி ரேஞ்சில் பயிற்சி முடிந்து துப்பாக்கியைத் துடைத்துப் பெட்டியில் வைக்கும்போது நண்பர்களான எங்களுக்குள் இதே பேச்சுதான். “திருட வந்தவன் உயிரைப் பற்றி அவனுக்கே கவலையில்லை, எனக்கென்ன?” என்பார் ஒருவர். “நீ ஒருத்தனை முதுகில் சுட்டால் ஊர் நம் எல்லாரையும் கொலைகாரனாகப் பார்க்கும்” என்பார் இன்னொருவர். பெயர் கெடுகிறதே என்ற அந்தக் கவலை நியாயம்தான். ஆனால் பெயர் கெடுவதற்கு முன்பே ஓர் உயிர் போய்விடுகிறது.

2007 நவம்பரில் பாசடீனாவில், பக்கத்து வீட்டில் புகுந்த இருவரை ஒருவர் வெளியே போய்ச் சுட்டார். போகாதீர்கள் என்று 911-ல் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அந்த வீட்டில் அப்போது யாருமே இல்லை. இறந்த இருவருக்கும் முதுகில் காயம். கிராண்ட் ஜூரி வழக்கே வேண்டாம் என்றது. 2022 பிப்ரவரியில் ஹூஸ்டனில் ஏ.டி.எம். அருகே பணத்தைப் பறிகொடுத்தவர், கொள்ளையன் தப்பிக்கிறான் என்று எண்ணி ஒரு டிரக்கை நோக்கிச் சுட்டார். உள்ளே குடும்பத்தோடு போய்க்கொண்டிருந்த 9 வயதுச் சிறுமி இறந்தாள். அதிலும் கிராண்ட் ஜூரி வழக்கு வேண்டாம் என்றது.

ஓடும் திருடனைப் பொருளுக்காகச் சுடும் இந்த உரிமை போலீசுக்குக்கூடக் கிடையாது. மெம்பிஸில் திருடிவிட்டு வேலி ஏறிய 15 வயதுச் சிறுவனை 1974-ல் ஒரு போலீஸ்காரர் சுட்டார். அவனிடம் ஆயுதம் இல்லை. இருந்தது 10 டாலரும் ஒரு பர்ஸும். யாருக்கும் பெரிய ஆபத்து இல்லாதபோது, தப்பி ஓடுபவனை நிறுத்துவதற்காக மட்டும் போலீஸ் கொல்லக் கூடாது என்று 1985-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பயிற்சி பெற்று, சீருடை அணிந்தவருக்கு இல்லாத அதிகாரத்தை, தூக்கக் கலக்கத்தில் வாசலுக்கு ஓடிவரும் என்னிடம் ஏன் கொடுத்து வைத்திருக்கிறீர்கள்?

எங்கள் அலமாரியில் என் மாமியார் தன் மகளுக்குப் போட்டுவிட்ட இரட்டைவடச் சங்கிலி இருக்கிறது. அவர் இப்போது இல்லை. அது போனால் எந்த இன்சூரன்ஸும் ஈடு செய்யாது. என் மனைவி பல நாள் அழுவாள். அதை எடுத்துக்கொண்டு ஒருவன் தெருவில் ஓடினாலும் அவன் முதுகில் நான் சுட மாட்டேன். அவளும் அதைத்தான் சொல்கிறாள்.

2027 ஜனவரியில் சட்டமன்றம் கூடுகிறது. முதல் 60 நாளுக்குள்ளேயே நிறைவேற்றக்கூடிய அவசரப் பொருள்களை ஆளுநர் அறிவிக்கலாம். அதில் இதைச் சேருங்கள். 9.42-ல் இரவுத் திருட்டையும் தப்பி ஓடுபவனையும் பற்றிய வரிகளை நீக்குங்கள். குழு விசாரணை நடந்தால், துப்பாக்கி வைத்திருக்கும் நாங்கள் சிலர் ஆஸ்டினுக்கு வந்து சாட்சி சொல்லத் தயார்.

இப்படிக்கு,
கேட்டியிலிருந்து ஒரு துப்பாக்கி உரிமையாளர்