முதுமையின் கல்வி: உரிமையா, பொழுதுபோக்கா?

அறுபது வயதைக் கடந்தவர்களுக்கென நிகழ்நிலை வகுப்புகள் நடத்தும் வழக்கம் இன்று உலகெங்கும் பரவி வருகின்றது. பண்டைய இலக்கியம், உலக வரலாறு, ஓவியம், இசை, பிறமொழி என்று பாடங்கள் பலவாகும். பரீட்சையும் இல்லை, பட்டமும் இல்லை. அறிவை விரிவு செய்வதே நோக்கம் என்கிறார்கள். நோக்கம் நல்லதே. ஆயினும், யாருடைய அறிவை, எவருடைய செலவில், எந்தப் பாடத்தின் மூலம் விரிவு செய்கிறோம் என்ற கேள்வியை எழுப்பாமல் இம்முயற்சியை வாழ்த்திவிட்டுப் போக எம்மால் முடியவில்லை.

இவ்விடயத்தில் இரண்டு கருத்துகள் எம்மிடையே உலவுகின்றன. இரண்டையும் நாம் மறுக்கிறோம்.

முதலாவது, பழைமைவாதிகளின் கருத்து. முதியவருக்குக் கல்வி எதற்கு? கோயிலும் பேரப்பிள்ளைகளும் போதாவா? உழைத்து ஓய்ந்த உடம்புக்கு ஒரு மூலையும் ஒரு பாயும் கொடுத்தால் போதும் என்று கருதும் இம்மனப்பான்மை, மனிதனை உழைப்புக் கருவியாக மட்டும் காணும் மனப்பான்மையேயாகும். இரண்டாவது, வணிகரின் கருத்து. முதியவரிடம் ஓய்வூதியம் இருக்கிறது, பொழுதும் இருக்கிறது, தனிமையும் இருக்கிறது. ஆகவே அவர் நல்ல வாடிக்கையாளர் என்பது அது. முன்னவர் முதியவரைக் கழித்துவிடுகிறார். பின்னவர் அவரைக் கணக்கில் சேர்க்கிறார், ஆனால் பணப்பையைப் பார்த்துத்தான் சேர்க்கிறார். பணப்பை இல்லாத முதியவரை இருவருமே காண்பதில்லை.

வளர்ந்தோர் கல்வியின் வரலாறு இவ்வாறு தொடங்கவில்லை என்பதை நாம் நினைவுகொள்ள வேண்டும். 1903ஆம் ஆண்டில் அல்பேர்ட் மான்ஸ்பிறிட்ஜ் இங்கிலாந்தில் தொழிலாளர் கல்விச் சங்கத்தைத் தொடக்கினார். 1908இல் ஆர். எச். டோனி என்ற பொருளியல் வரலாற்றாசிரியர், மட்பாண்டத் தொழிலாளர் வாழ்ந்த லோங்டனிலும், நெசவாலைகள் நிறைந்த ரொச்டேலிலும் வகுப்புகளை ஆரம்பித்தார். ஆலையில் நின்று உழைத்தவர்கள் வேலை முடிந்தபின் வந்து பொருளாதார வரலாறு படித்தார்கள். பொழுது போகவில்லை என்பதற்காக அவர்கள் வரவில்லை. தம்மை ஆளும் உலகம் எவ்வாறு இயங்குகின்றது என்பதை அறியவே வந்தார்கள்.

முதியவருக்கான தனிக் கல்வி இயக்கம் அதன் பின்னர் வந்தது. 1973இல் பிரான்சின் துலூஸ் நகரில் பியேர் வெல்லாஸ் 'மூன்றாம் பருவத்தின் பல்கலைக்கழகம்' என்பதனை ஆரம்பித்தார். அங்கே பல்கலைக்கழகம் கற்பித்தது, முதியவர் கேட்டனர். 1982இல் பீற்றர் லாஸ்லெற், மைக்கல் யங், எரிக் மிட்வின்ரர் ஆகியோரின் முயற்சியால் பிரித்தானியாவில் அது வேரூன்றியபோது அதன் தன்மையே மாறிற்று. சேர்வதற்குத் தகைமை எதுவும் வேண்டாம். முடிவில் சான்றிதழும் இல்லை. சம்பளம் பெறும் ஆசிரியரும் இல்லை. உறுப்பினருள் ஒரு பாடம் தெரிந்தவர் அதனைப் பிறருக்குச் சொல்லிக்கொடுப்பார். மறுநாள் வேறொருவரிடம் தாமே மாணவராக அமர்வார். கற்பிப்போன் மேல், கற்போன் கீழ் என்ற படிநிலையைத் தகர்த்த இக்கொள்கையை நாம் மனமார மெச்சுகிறோம்.

எனினும் ஒரு குறையைச் சொல்லாமல் விட முடியாது. பள்ளிக்கூடத்தில் நீண்டகாலம் இருந்தவரே முதுமையிலும் வகுப்பைத் தேடி வருகிறார். பள்ளிக்கூடத்தின் வாசலில் தடுத்து நிறுத்தப்பட்டவர் முதுமையிலும் வாசலுக்கு வெளியிலேயே நிற்கிறார். அமெரிக்காவில் ஓஷர் அறக்கட்டளையின் உதவியுடன் 120க்கு மேற்பட்ட பல்கலைக்கழகங்களிலும் கல்லூரிகளிலும் ஐம்பது வயது கடந்தோருக்கான கல்வி நிலையங்கள் இயங்குகின்றன. 2020இல் கொரோனா நோய் பரவியபோது இவற்றின் வகுப்புகள் சூம் திரைக்கு மாறின. வீட்டைவிட்டு வெளியேற இயலாதவர்களுக்கும் தொலைவில் வாழ்ந்தோருக்கும் அது பெரும்பேறாக அமைந்தது. இதனை மறுப்பது நேர்மையாகாது. ஆனால் தூரம் என்ற தடையை நீக்கிய திரை, வர்க்கம் என்ற தடையை நீக்கவில்லை. சிலவிடத்து அதனை இன்னும் இறுக்கியது என்றே கூறவேண்டும்.

எமது நாட்டுக்கு வருவோம். 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. கன்னங்கராவின் பெயரை நாம் நன்றியுடன் நினைவுகூர்கிறோம். ஆயினும் அந்த வெளிச்சம் எல்லா வீடுகளிலும் ஒரே நாளில் விழவில்லை. மலையகத் தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது 1970களிலேயாகும். அதுவரை ஒரே கூடத்தில், ஓர் ஆசிரியரிடம், ஐந்தாம் வகுப்போடு முடிந்த கல்வியே பெரும்பாலான தொழிலாளர் பிள்ளைகளுக்கு வாய்த்தது. யாழ்ப்பாணத்திலோ ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் வகுப்பறையிற் சம ஆசனம் பெறுவதற்கே போராட வேண்டியிருந்தது. அவ்வாறு தடுக்கப்பட்ட பிள்ளைகள் எங்கே போய்விட்டார்கள்? அவர்களே இன்று எழுபதும் எண்பதும் வயதான முதியவர்கள். இந்த நாடு அவர்களுக்கு ஒரு வகுப்பறை கடன்பட்டிருக்கிறது. கடன்பட்டவன் கடனைத் தீர்க்கும்போது அதற்குத் தருமம் என்று பெயர் சூட்டிக்கொள்ளலாகாது.

எமக்குத் தெரிந்த ஒரு தாய் நாற்பது ஆண்டுகள் கொழுந்து பறித்தவர். லயன் அறையிலே பேரனின் கைத்தொலைபேசியில் ஒருநாள் ஒரு நிகழ்நிலை வகுப்பை அவர் கேட்க நேர்ந்தது. பொருள், உடல்நலம் பேணுதல். நாளுக்கு எத்தனை பழம் உண்ணவேண்டும் என்று விரிவுரையாளர் விளக்கிக்கொண்டிருந்தார். அந்தத் தாய் சிரித்துவிட்டுப் பேரனிடம் கேட்டாராம்: "நாங்க இங்க வந்த கதைய யாரும் சொல்ல மாட்டாங்களாப்பா?"

அந்தக் கேள்வியை நாம் எளிதிற் கடந்துபோக முடியாது. 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் அவருடைய பெற்றோரை ஒரே நாளில் நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கென்றும் மூன்று இலட்சம் பேரை இலங்கைக்கென்றும் எண்ணிப் பிரித்தது. உடன்பிறந்தோரைக் கடலின் இரு கரைகளில் நிறுத்தியது. எஞ்சி நின்றோரின் குடியுரிமைக்குச் சட்டம் வழிசெய்ய 2003 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இவ்வளவையும் தம் வாழ்க்கையிற் சுமந்த ஒருவர், அதன் காரணத்தை ஏட்டில் அறிய விரும்புவது பொழுதுபோக்கா? அவருக்கு வரலாறு சொல்வதே உண்மையான அறிவு விரிவு. அவ்வகுப்பில் அவர் வெறும் மாணவராகவும் இருக்கமாட்டார். கப்பலேற்றிய நாளில் அழுத அழுகையை, பாடிய பாட்டை எந்தப் பேராசிரியரை விடவும் நன்கு அறிந்தவர் அவர். கற்பவரே கற்பிப்பவர் என்ற கொள்கை பிரித்தானிய மத்தியதர வர்க்கத்தாரை விட எமது தோட்டத்துத் தாய்மாருக்கே அதிகம் பொருந்தும்.

இங்கே ஓர் எதிர்ப்பு எழும் என்பதை அறிவோம். "பிள்ளைகளின் கல்வியே தள்ளாடும்போது முதியோர் கல்வியைப் பேசுவது ஆடம்பரமல்லவா?" என்று நேர்மையான ஆசிரியர்களே கேட்பார்கள். நோய்க்காலத்தில் அலைவரிசை தேடி மலைமுகட்டுக்கும் மரக்கொப்புக்கும் ஏறிய பிள்ளைகளை நாமும் மறக்கவில்லை. ஆனால் பிள்ளைக்கு எட்டாத அலைவரிசையே பாட்டிக்கும் எட்டவில்லை. இருவருக்கும் இடையிற் போட்டியை மூட்டுவது, இருவருக்கும் கொடுக்க மறுப்போரின் தந்திரம். மாலையிற் பூட்டிக் கிடக்கும் பாடசாலைக் கணினிக் கூடத்தை முதியவருக்குத் திறந்துவிடுவதால் எந்தப் பிள்ளையின் ஆசனமும் பறிபோகாது.

இன்னோர் எதிர்ப்பு எம்மைச் சேர்ந்தோரிடமிருந்தே வரும். இலக்கியமும் இசையும் ஓய்வுள்ள வர்க்கத்தின் அலங்காரம். உழைத்தவனுக்கு வேண்டியது ஓய்வூதியமே என்பர். ஓய்வூதியம் வேண்டும் என்பதில் எமக்கு ஐயமில்லை; அதற்கான போராட்டத்தை ஒருநாளும் தள்ளிவைக்கலாகாது. ஆனால் எட்டு மணிநேர வேலைக்காகப் போராடிய தொழிலாளர் எதனைக் கேட்டனர்? எட்டு மணிநேரம் உழைப்பு, எட்டு மணிநேரம் உறக்கம், எஞ்சிய எட்டு மணிநேரம் தமக்கென்று கேட்டனர். அந்த எட்டு மணிநேரத்தின் கூட்டுத்தொகையே முதுமை. அதனைக் கலையாலும் அறிவாலும் நிரப்பும் உரிமை கனவானுக்கு மட்டும் உரியது என்று ஒப்புக்கொள்வது இடதுசாரித்தனம் ஆகாது.

இனி எமது சொந்தக் குற்றத்தையும் சொல்லவேண்டும். ஓய்வுபெற்ற ஆசிரியர்களாகிய நாமே நிகழ்நிலைக் கருத்தரங்குகளைக் கூட்டுகிறோம், நாமே பேசுகிறோம், ஒருவரையொருவர் நாமே பாராட்டுகிறோம். திரையில் தெரியும் முகங்கள் எல்லாம் தெரிந்த முகங்கள். இணைப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பியதோடு மக்களிடம் சென்றுவிட்டதாக நம்பிக்கொள்கிறோம். ஆனால் அந்த இணைப்பைத் திறப்பதற்கு முதலில் கைத்தொலைபேசி வேண்டும். டேட்டாவுக்குப் பணம் வேண்டும். மங்கிய கண்ணுக்கு எட்டும் எழுத்து வேண்டும். ஆங்கிலத்தில் வரும் கட்டளை விளங்க வேண்டும். கடவுச்சொல்லை நினைவில் வைத்திருக்க வேண்டும். தெரியாததைக் கேட்டால் எவரும் சிரிக்கமாட்டார் என்ற நம்பிக்கையும் வேண்டும். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் கதவு மூடிக்கொள்ளும்.

இத்தடைகள் தீர்க்க முடியாதவை அல்ல. எமக்கு அண்மையிலுள்ள கேரளம் இதற்குச் சான்று. 1991இல் முழு எழுத்தறிவு எய்தியதாக அறிவித்த அம்மாநிலம், 2025 ஓகஸ்டில் முழுக் கணினி எழுத்தறிவையும் அறிவித்தது. திருவனந்தபுரம் மாவட்டத்தின் புல்லம்பாறை என்ற சிறு பஞ்சாயத்தில் தொடங்கிய முயற்சி அது. 2022இலேயே அவ்வூர் இந்நிலையை எய்தியிருந்தது. பின்னர் தொண்டர்கள் மாநிலமெங்கும் வீடுவீடாகச் சென்று தெரியாதவர்களைக் கணக்கெடுத்தனர். இருபத்தொரு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்குப் பயிற்சி அளித்தனர். வேலைத்தளத்திலும் வீட்டுத் திண்ணையிலும் வகுப்பு நடந்தது. முதியவர் வகுப்பைத் தேடி வரவில்லை. வகுப்பு முதியவரைத் தேடிச் சென்றது. அறிவிப்போடு பணி முடிந்துவிடுவதில்லை என்பது உண்மையே. எனினும் வழி எது என்பதை அது காட்டிவிட்டது.

எமது நாட்டில் அத்தகைய வழிக்கு அடித்தளம் இல்லாமலில்லை. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் முதியோரின் உரிமைகளைப் பாதுகாக்கவென்றே இயற்றப்பட்டது. ஊர்தோறும் வாசிகசாலைகள் இருந்தன. ஒருவர் பத்திரிகையை உரத்து வாசிக்க, எழுத்தறியாத பத்துப் பேர் சுற்றியிருந்து கேட்டு விவாதித்த மரபு எம்முடையது. அந்த மரபைத் திரையைச் சுற்றி மீண்டும் உயிர்ப்பிக்க வேண்டும். தனியறையில் தனியொருவர் ஒரு கைத்தொலைபேசியோடு மல்லாடுவதைவிட, வாசிகசாலையிலும் தோட்டத்துச் சனசமூக நிலையத்திலும் ஒரு பெரிய திரையின் முன் இருபது பேர் கூடியிருந்து கேட்பதும் கேள்வி கேட்பதும் மேலானது. தனிமையும் அதனால் நீங்கும், செலவும் குறையும்.

ஆகவே நாம் கோருவன இவை: முதியோர் கல்வி அரசின் கல்விக் கொள்கையிலே உரிமையாக இடம்பெற வேண்டும். அதற்கான டேட்டாவும் கருவியும் பொதுச் செலவில் பொது இடங்களில் வழங்கப்பட வேண்டும். வகுப்புகள் தமிழிலும் சிங்களத்திலும் அமையவேண்டும். ஒருவர் மொழியை மற்றவர் கற்கும் வாய்ப்பும் அவற்றில் இருக்கவேண்டும். பாடத்தைத் தெரிவுசெய்யும் அதிகாரம் கற்போரிடமே இருக்கவேண்டும்.

ஆசிரிய நண்பர்களே, மாணவத் தோழர்களே! அரசு அசையும்வரை நாம் கைகட்டி நிற்கவேண்டியதில்லை. அடுத்த வகுப்பின் இணைப்பை அனுப்புவதற்கு முன், உங்கள் ஊரில் அது எட்டாத ஒரு முதியவரின் வீட்டுக்கு நடந்து செல்லுங்கள். அவர் எதை அறிய விரும்புகிறார் என்று கேளுங்கள். எமக்குத் தெரிந்த அந்தத் தாயின் கேள்விக்கு இன்னும் எவரும் பதில் சொல்லவில்லை. அவருக்கு வயது எழுபத்தெட்டு. இதில் தாமதிக்க எமக்கு உரிமையில்லை.