கைபேசி இரண்டு



இளைஞர் ஒருவர் ஒரு பொருளை வாங்கப் புகுங்கால் நூறுபேரை வினவுகின்றார். நூறு விளம்பரங்களைக் காண்கின்றார். 'இப்பொருள் எனக்கு எதன்பொருட்டு வேண்டும்?' என்று தம்மைத் தாமே ஒருமுறை வினவுதல் மட்டும் அரிதாயிருக்கின்றது. இக்குறை கைபேசியின் திறத்து மிகுதியும் உண்டு. ஆகலின், நம்மவர் கைகளில் பெரிதும் காணப்பெற்ற இரண்டு கைபேசிகளை எடுத்து, படமும் பாட்டும் நுகர்தற்கு எது தகும், மின்கலம் எதில் நெடிது நிற்கும் என்னும் இரண்டனையும் ஆராய்ந்து, எமது கருத்தை ஈண்டு வெளியிடத் துணிந்தோம்.

கைபேசி நம் பகுதிக்கு அயற்பொருளன்று. 1964-இல் தொழிற்பேட்டை கண்ட அம்பத்தூரும், 1955-இல் காங்கிரசு மகாசபை கூடிய ஆவடியும், பழம்பதியாகிய பூந்தமல்லியும் சென்னையின் மேற்கெல்லையில் தொழிலாளர் வாழும் ஊர்கள். பூந்தமல்லியைக் கடந்து பெங்களூர்ப் பெருஞ்சாலையிற் சென்றால் வருவது திருப்பெரும்புதூர். ஆண்டு 2006-இல் நோக்கியா நிறுவனத்தார் கைபேசி செய்யத் தொடங்கினர்; 2014 நவம்பரில் அத்தொழிற்சாலை நின்றது. பின்னர், 2020-இல், அவ்வூர்ப் பாக்ஸ்கான் தொழிற்சாலையிலே ஐபோன் 11 உருவாகத் தொடங்கிற்று. எனவே, நாம் கையில் ஏந்தும் கைபேசியை நம் அண்டை வீட்டுப் பெண்மணியே கோத்திருத்தலும் கூடும். செய்பவர் நாம், வாங்குபவரும் நாம். செய்வதில் உள்ள கவனம் வாங்குவதிலும் வேண்டாவோ?

யாம் ஒப்பிடக் கொண்டவை இரண்டு. ஒன்று மேற்கூறிய ஐபோன் 11. 2019 செப்டம்பரில் வெளிவந்தது. அன்று அதன் தொடக்க விலை 64,900 ரூபாய். மற்றொன்று சாம்சங் கேலக்சி எம்31. 2020 மார்ச்சுத் திங்களில் விற்பனைக்கு வந்தது. விலை ஏறக்குறைய 15,000 ரூபாய். இரண்டும் இன்று கடைகளிற் புதியனவாக விற்கப்படுவனவல்ல. ஐபோன் 11-ஐ 2022-இலேயே ஆப்பிள் நிறுவனம் தன் விற்பனையினின்றும் நீக்கிற்று. பழையவற்றை ஆராய்வது ஏன் என்று வினவுவார்க்கு எம் விடை இது: புதிய பொருளைப்பற்றி விற்போர் சொல்லையே நம்பவேண்டும், ஐந்தாறு ஆண்டு கடந்த பொருளைப்பற்றி அனுபவமே பேசும். மேலும், விலைமிக்க நேர்த்தி ஒருபுறமும், எளிய விலையிற் பெரிய மின்கலம் ஒருபுறமுமாக இவ்விரண்டும் நின்ற நிலையே இன்றைய புதிய கைபேசிகளிடத்தும் தொடர்ந்து காணப்படுகின்றது.

முதற்கண் திரையை நோக்குவோம். ஐபோன் 11-இன் திரை 6.1 அங்குலம், எல்சிடி வகையினது. எம்31-இன் திரை 6.4 அங்குலம், அமோலெட் வகையினது, படப்புள்ளிகளும் முன்னதினும் மிக்கன. எல்சிடித் திரையின் பின்னே ஒரு விளக்கு எப்பொழுதும் எரிந்துகொண்டிருக்கும். கரிய காட்சி தோன்றும்போதும் அவ்விளக்கு அணைவதில்லை. அமோலெட்டிலோ ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்வது. கருமை வேண்டுமிடத்து அது முற்றும் அணைந்துவிடும். எனவே இரவுக் காட்சிகள் மிகுந்த திரைப்படம் எம்31-இல் ஆழ்ந்த கருமையோடு தோன்றும்; மின்சாரமும் சிறிது மிஞ்சும். ஆனால் வெண்மையான பாடநூற் பக்கத்தைப் படிப்பார்க்கு அந்தச் சிக்கனம் கிட்டாது. வண்ணத்தின் இயற்கைத் தன்மையில் ஐபோன் குறைந்ததன்று. ஆயினும் திரை ஒன்றையே நோக்கின், நான்கு மடங்கிற்கு மேற்பட்ட விலை கொடுத்தவர் பெற்றது மிகுதி என்று சொல்லல் இயலாது.

ஒலியின்கண் நிலை மாறுகின்றது. ஐபோனில் ஒலி இருபுறமும் எழும். எம்31-இல் கீழ்ப்புறத்து ஒலிபெருக்கி ஒன்றே. ஆயினும், மின்சார ரயிலில் நின்றுகொண்டு பாட்டுக் கேட்பவர் பிறர்க்கு இடையூறின்றிக் காதிற் செருகியே கேட்டல் வேண்டும். எம்31-இல் பழைய இயர்போனைச் செருகும் துளை உண்டு, ஐபோனில் அஃதில்லை. பாடங்களையும் படங்களையும் சேமிக்கத் தனியே மெமரி கார்டு இடும் வசதியும் எம்31-இலேயே உண்டு. படம் பிடித்தலில் ஐபோனே தலைசிறந்தது. எம்31 தன் 64 மெகாபிக்சலைப் பெரிதாக முழங்கிற்று. 12 மெகாபிக்சலே கொண்ட ஐபோன், ஓடும் காட்சியை எடுப்பதில் அதனை எளிதில் வென்றது. எண் பெரிதாயின் பொருளும் பெரிதாம் என்று எண்ணுவார்க்கு இது நல்ல பாடம். நீரைத் தாங்கும் காப்பும் ஐபோனுக்கு உண்டு. மழைக்காலத்து ஆவடிச் சாலைகளை அறிந்தார் அதன் அருமையை அறிவர்.

நிற்க. இனி, மின்கலத்தை ஆராய்வோம். ஐபோன் 11-இன் மின்கலம் 3,110 மில்லியாம்பியர்-மணி. எம்31-இன் மின்கலம் 6,000. ஏறக்குறைய இரு மடங்கு. எனினும் கொள்ளளவு இரு மடங்காயின் நேரமும் இரு மடங்காகும் என்று முடிவு செய்தல் தவறு. குடத்து நீர் எத்துணை நாள் வரும் என்பது குடத்தின் அளவை மட்டும் பொறுத்ததன்று. வீட்டார் செலவிடும் அளவையும் பொறுத்தது. ஐபோனின் உள்ளுறுப்புக்கள் சிக்கனமாகச் செலவு செய்வன. ஆதலின் சிறு மின்கலத்தைக் கொண்டும் அது ஒருநாளைக் கடத்துகின்றது. எம்31 செலவு மிக்கதேனும், குடம் பெரிதாதலின், இயல்பான பயனில் இரண்டாம் நாளையும் எட்டிப் பிடிக்கும். மின்னேற்றத்திலும் இரண்டற்கும் குறை உண்டு. ஐபோனோடு முதலில் வந்தது 5 வாட் சார்ஜர். 2020 அக்டோபருக்குப் பின் அதுவும் பெட்டியில் வைக்கப்படவில்லை. எம்31-உக்கு 15 வாட் சார்ஜர் உடன் வந்தது. ஆயினும் அப்பெரிய மின்கலம் நிறைய இரண்டு மணிக்கு மேலாகும்.

இங்கே மாணவர்க்குப் பயன்படும் உண்மை ஒன்று உண்டு. ஐபோன் 11-இல் சேமித்த படத்தை 17 மணிநேரம் வரையிற் பார்க்கலாம் என்றும், இணையத்தின் வழியே இழுத்துப் பார்த்தால் 10 மணிநேரம் வரையே என்றும் ஆப்பிள் நிறுவனமே அறிவித்தது. ஒரே கருவி, ஒரே மின்கலம். ஏழு மணிநேரம் எங்கே போயிற்று? இணையத்தோடு ஓயாது தொடர்பு கொள்வதற்கும் மின்னேற்றம் செலவாகின்றது. சமிக்ஞை மெலிந்த இடங்களிலும், ஓடும் ரயிலிலும் அச்செலவு இன்னும் ஏறும். ஆவடியினின்று சென்னை சென்ட்ரலுக்கு ஏறக்குறைய முக்கால் மணி நேரம் பயணம் செய்வோர், பாடத்தை வீட்டிலோ கல்லூரியிலோ முன்னரே இறக்கி வைத்துக்கொண்டு பார்ப்பாராயின், புதுக் கைபேசி வாங்காமலே தம் மின்கலத்தை வளர்த்தவராவர்.

கைபேசியின் ஆயுள் இருவகைப்படும். ஒன்று நாளின் ஆயுள். மற்றொன்று ஆண்டின் ஆயுள். நாளின் ஆயுளில் எம்31 வென்றது. ஆண்டின் ஆயுளில், ஆண்ட்ராய்டு 10-உடன் வந்த அது 12-ஆம் பதிப்போடு நின்றது. ஐபோன் 11-ஓ 2025-இல் வெளிவந்த ஐஓஎஸ் 26-ஐயும் பெற்றது. இது ஐபோனுக்குப் பெருஞ்சிறப்பே. ஆயினும் கணக்கிட்டுப் பார்ப்போம். எம்31 போன்றதொன்றை மூன்றாண்டுக்கு ஒருமுறை மாற்றினும், ஆறாண்டிற்கு 30,000 ரூபாய். 64,900-இற் பாதியும் ஆகவில்லை. மேலும், லித்தியம் மின்கலம் முழுதும் இறங்கி ஏறுந்தோறும் சிறிது சிறிதாகத் தேய்வது. நாள்தோறும் ஒருமுறை ஏறும் சிறு மின்கலம், ஒருநாள் விட்டு ஒருநாள் ஏறும் பெரிய மின்கலத்தினும் விரைவில் மூப்படையும்.

இவற்றையெல்லாம் எம் உடன்பயிலும் அன்பர் ஒருவரிடம் கூறினோம். அவர் தந்தையார் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் வேலை செய்பவர். 2020-ஆம் ஆண்டுப் பெருந்தொற்றின்போது அவர் வீட்டில் கைபேசி ஒன்றே. காலையில் அவருக்கு வகுப்பு, நண்பகலில் அவர் தங்கைக்கு வகுப்பு. தங்கையின் முறை வரும்போது மின்கலம் ஓய்ந்துவிடும். சுவரோரத்தில், சார்ஜர் கயிற்றின் நீளத்திற்குள் அமர்ந்தே அப்பெண் அவ்வாண்டுப் பாடமனைத்தும் கேட்டாள். அந்த அன்பரே இன்று தவணையில் ஐபோன் வாங்க விழைகின்றார். "கணக்கெல்லாம் சரிதான், ஆனால் நான்கு பேர் நடுவே கைபேசியை எடுக்கும்போது எனக்கு ஏற்படும் கூச்சத்தை உங்கள் கணக்கில் எங்கே எழுதினீர்கள்?" என்று அவர் வினவினார். யாம் வாய் அடைத்து நின்றோம்.

எளியவர் நல்ல பொருளை விரும்புதல் குற்றமன்று. அவ்விருப்பத்தை எள்ளுவோர் பெரும்பாலும் அப்பொருளை முன்னரே வைத்திருப்பவராவர். ஆயினும், தவணையும் வட்டியும் தந்தையின் மிகைநேர வேலையிலிருந்தே வருமாயின், நம் கூச்சத்தைப் போக்க அவர் உறக்கத்தை விற்கின்றோம் என்பதை நினைத்தல் வேண்டும். குறும்படம் எடுத்தும், திருமணங்களைப் படம் பிடித்தும் பொருளீட்டும் மாணவர்க்கு ஐபோன் ஒரு தொழிற்கருவி, அவர் வாங்குக. நாள் முழுதும் ரயிலிலும் பேருந்திலும் வகுப்பிலும் கழித்து, பாடம் கேட்டு, மாலையிற் சிறிது படமும் பாட்டும் நுகர விரும்புவார்க்கு எம்31 போன்ற பெருமின்கலக் கைபேசியே தக்கது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வீசி மின்சாரம் அற்ற நாட்களில், வீட்டாரின் நலம் அறிய உதவியது கைபேசியின் அழகன்று. அதில் மிஞ்சியிருந்த மின்னேற்றமே.

இன்னுமொன்று. குளிர்ப்பெட்டி வாங்குவார்க்கு அதன் மின்செலவை நட்சத்திரக் குறி காட்டுகின்றது. ஐரோப்பிய ஒன்றியத்திலே 2025 ஜூன் முதல் கைபேசிகளும் அத்தகைய சீட்டைத் தாங்குகின்றன. ஒருமுறை ஏற்றினால் எத்துணை நேரம் நிற்கும், எத்துணை முறை ஏற்றியபின் மின்கலம் தளரும் என்பனவற்றை அச்சீட்டு ஒரே முறையில் அளந்து சொல்கின்றது. கைபேசியைச் செய்து உலகிற்கு அனுப்பும் நம் நாட்டிலும் அச்சீட்டு வருதல் வேண்டும் என்பது எம் துணிபு. அதுவரை, கடைக்குச் செல்லுமுன் ஒவ்வொருவரும் மூன்று வினாக்களைத் தம்மைத்தாமே கேட்டுக்கொள்க: மின்சாரத்தைவிட்டு நாள்தோறும் எத்துணை நேரம் நீங்கியிருக்கின்றோம்? படமும் பாடமும் சேமித்துப் பார்க்கின்றோமா, இழுத்துப் பார்க்கின்றோமா? இதன் விலையை ஈட்டுபவர் யார்?

மூன்றாம் வினாவிற்கு உண்மையாக விடை கூறுவார், மற்றைய இரண்டிற்கும் தவறான விடை கூறார்.