கிண்டி பி.சி.ஜி. கூடம் மக்கள் சொத்து!

தியாகராய நகரிலும் அடையாறிலும் சருமப் பொலிவு நிலையங்கள் பெருகிவிட்டன. நுண்ணிய ஊசிகள் பதித்த உருளையை முகத்தில் ஓட்டி, அந்தத் துளைகள் வழியே மருந்தை இறக்குகிறார்கள். காசுள்ளவர்கள் செய்துகொள்ளட்டும், அதில் நமக்கு வழக்கில்லை. ஆனால் தோலுக்குள் மருந்து ஏற்றும் இன்னொரு ஊசி உண்டு. அது பிறந்த குழந்தையின் இடது தோளில் போடும் பி.சி.ஜி. ஊசி. மயிலாப்பூர் குப்பத்துக் குழந்தைக்கும் மாளிகைக் குழந்தைக்கும் அது ஒன்றுதான்.

அளவு 0.05 மில்லி லிட்டர். ஊசி தோலோடு நிற்க வேண்டும். ஆழம் போனால் சீழ்க்கட்டி வரும். ஆகவே பழகிய நர்ஸின் கை வேண்டும். பெரியவர்களின் நுரையீரல் காசத்தை இது தடுக்காது என்பதை 1968ல் தொடங்கிய செங்கல்பட்டுச் சோதனை காட்டியது. ஆனால் குழந்தைகளை மூளையைத் தாக்கும் காசத்திலிருந்து இது காக்கிறது. அதனால்தான் இன்றும் போடப்படுகிறது.

இந்த மருந்தைத் தயாரிக்க 1948ல் கிண்டியில் சர்க்கார் ஆய்வுக்கூடம் எழுந்தது. பல பத்தாண்டுகள் தேசத்தின் குழந்தைகளுக்கெல்லாம் இங்கிருந்தே மருந்து போயிற்று. 2008 ஜனவரியில் மத்திய சர்க்கார் என்ன செய்தது? உற்பத்தி முறை தரமாக இல்லை என்று சொல்லி, கிண்டி, குன்னூர், கசௌலி ஆகிய மூன்று பொதுத்துறை நிலையங்களின் லைசென்ஸையும் நிறுத்தி வைத்தது! குறை இருந்தால் திருத்த வேண்டியவர் யார்? சொந்தக்காரரான சர்க்கார்தானே? எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதையாயிற்று. இடதுசாரிகளும் மக்கள் சுகாதார இயக்கங்களும் எதிர்த்துக் குரல் எழுப்பின. 2010ல் அந்த உத்தரவு வாபஸாயிற்று. இடைப்பட்ட காலத்தில் சர்க்காரின் தடுப்பூசித் திட்டம் தனியார் கம்பெனிகளை நம்பி நிற்க நேர்ந்தது.

முகப்பொலிவில் லாபம் உண்டு. முதலாளி தானாகவே வருவார். ஏழைக் குழந்தையின் ஊசியில் லாபம் சொற்பம். கட்டுப்படியாகாத அன்றே அவர் கடையைக் கட்டிவிடுவார். 2021ல் கொரோனா தடுப்பூசிக்கு ஜனங்கள் அலைந்தபோது, பொதுப்பணத்தில் கட்டிய செங்கல்பட்டுத் தடுப்பூசி வளாகம் உற்பத்தியின்றிக் கிடந்ததை மறக்க முடியுமா?

ஆகவே நாம் கோருகிறோம்: பொதுத்துறைக் கூடங்களுக்கு வேண்டிய பணத்தையும் ஆட்களையும் கொடு! சர்க்காரின் கொள்முதலில் அவற்றுக்கு முதலிடம் கொடு! செங்கல்பட்டு வளாகத்தைத் தனியாருக்குத் தாரை வார்க்காதே! தொழிலாளர்களும் தாய்மார்களும் இந்தக் கோரிக்கையைத் தெருத்தெருவாகக் கொண்டு செல்ல வேண்டும்.